தத்தெடுத்த கினிப்பன்றியின் எடையைக் கவனிப்பது எப்படி: மலைவீடுகளுக்கான வழிமுறை

கினிப்பன்றியைத் தத்தெடுத்து வருகிறவர்கள் கூண்டு, தண்ணீர்ப் புட்டி, தீவனம், படுக்கைத் துணி எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுகிறார்கள். தராசை மட்டும் மறந்துவிடுகிறார்கள். என் கருத்தில் முதலில் வாங்கவேண்டியதே அதுதான். பிற விலங்குகளுக்கு இரையாகியே பழகிய இனம் என்பதால், கினிப்பன்றி தன் நோயை வெளியே காட்டிக்கொள்ளாது. மெல்ல முடியாத நிலையிலும் அது புல்லின் அருகே சென்று நிற்கும், ஓர் இழையை வாயில் இழுக்கும், தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு அது நன்றாகச் சாப்பிடுவதாகவே தோன்றும். அடர்ந்த உரோமத்துக்குள் உடல் இளைத்திருப்பது நம் கண்ணுக்குத் தெரியவரும்போது, ஒரு கிலோகூட இல்லாத அந்த உடலில் நூறு கிராமுக்கு மேல் கரைந்திருக்கும். வாரம் ஒருமுறை ஒரே முறையில் எடுத்து எழுதிவைக்கும் எடையே அதன் உடல்நிலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் செய்தி.

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் வளரும் இரண்டு பெண் கினிப்பன்றிகளும், பணி மாறுதலில் சமவெளிக்குச் சென்ற ஒரு குடும்பத்திடமிருந்து வந்தவை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவற்றுக்கு வெல்லம், பொரி என்று பெயர் வைத்திருந்தார்கள். “ரெண்டும் நல்லாச் சாப்பிடும் அக்கா, ஒரு குறையும் இல்லை” என்று சொல்லித்தான் பிள்ளைகளின் தாயார் கூடையைக் கையில் கொடுத்தார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். ஆனால் அவற்றின் வயது தோராயமாகத்தான் தெரிந்திருந்தது. எடை என்ன என்பது யாருக்குமே தெரியவில்லை. வந்த அன்று மாலை நிறுத்தபோது வெல்லம் 868 கிராமும் பொரி 1,190 கிராமும் இருந்தன. பிறந்ததிலிருந்து நம்மிடம் வளரும் விலங்குக்குப் பழைய கணக்கு ஒன்று நம் நினைவிலாவது இருக்கும். தத்தெடுத்த விலங்குக்கு அது இல்லை. ஆகவே அதன் கணக்கை வந்த நாளிலிருந்து நாமே தொடங்கவேண்டும்.

தராசும் நிறுக்கும் முறையும்

ஐந்து கிலோ வரை நிறுக்கக்கூடிய, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மனிதர்கள் ஏறி நிற்கும் தராசு இதற்கு உதவாது. அதில் எண் பெரும்பாலும் நூறு கிராமுக்கு ஒருமுறைதான் மாறும், நாம் தேடுவதோ முப்பது நாற்பது கிராம் வித்தியாசத்தை. கொக்கியில் தொங்கவிடும் தராசு ஊசலாடும் என்பதோடு விலங்கையும் அச்சுறுத்தும். வாங்கிய தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, தெரிந்த மளிகைக் கடையில் முத்திரை வைத்த அரைக்கிலோ எடைக்கல்லைக் கேட்டு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தராசு எப்போதும் இரண்டு கிராம் கூட்டியே காட்டினாலும் பெரிய பாதிப்பில்லை. இன்று கூட்டியும் நாளை குறைத்தும் காட்டினால்தான் அதை மாற்றவேண்டும்.

மலைப்பகுதியின் பழைய வீடுகளில் பலகைத் தரையும், சற்றே சரிந்த தரையும் இருப்பது வழக்கம். பாய் மீதோ கம்பளத்தின் மீதோ பலகையின் மீதோ வைத்த தராசு நம் காலடி அசைவுக்கே எண்ணை மாற்றும் என்பதால், சிமென்ட் தரையிலோ கல் மேடையிலோ ஒரே இடத்தைத் தேர்ந்து அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். மார்கழி, தை மாதங்களில் இரவு முழுவதும் சன்னலோரத்தில் குளிர்ந்து கிடந்த தராசைக் காலையில் எடுத்து உடனே நிறுத்தால் எண் நிலைகொள்ளாமல் அலைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை அரைமணி நேரம் அறையின் வெப்பத்தில் வைத்துவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

விலங்கை நேரடியாகத் தராசுத் தட்டில் வைக்கக்கூடாது. அது குதித்து விழும், அதன் முதுகெலும்போ நுட்பமானது. உயரமான விளிம்புடைய ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, உள்ளே வழுக்காதபடி ஒரு துணியை விரித்து, அதன் மேல் இரண்டு கொத்தமல்லித் தழையையும் வைத்து, அதன்பிறகு தராசைப் பூஜ்யமாக்கிக் கொள்ளுங்கள். தழையை முதலிலேயே வைத்துப் பூஜ்யமாக்குவதில் ஒரு நுட்பம் உண்டு: அது டப்பாவில் கிடந்தாலும் கினிப்பன்றியின் வயிற்றுக்குள் போனாலும் தராசின் மேல் இருக்கும் மொத்த எடை மாறுவதில்லை, ஆகவே தின்றுகொண்டிருக்கும்போதே எடுத்தாலும் கணக்குத் தவறாது. பிறகு ஒரு கையை நெஞ்சின் அடியிலும் மற்றொரு கையைப் பின்பகுதியின் அடியிலும் கொடுத்து, உடலோடு அணைத்தபடி தூக்கி, தரையோடு தரையாக உட்கார்ந்து உள்ளே விடுங்கள். அது அசைந்துகொண்டே இருந்தால் எண்ணை மூன்றுமுறை பார்த்து நடுவிலுள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்.

நேரம் மிக முக்கியம். காலையில், பச்சைக் காய்கறி கொடுப்பதற்கு முன்பாக, வாரத்தின் ஒரே கிழமையில் நிறுக்கவேண்டும். ஒரு கைப்பிடிக் கீரையும் குடித்த தண்ணீரும் தேங்கிய சிறுநீரும் சேர்ந்தால், ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் முப்பது கிராம் வரை வித்தியாசம் வருவது இயல்பு. ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் இரவிலும் நிறுத்தால், அந்த எண்களைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

வந்த முதல் இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் நிறுங்கள். இடம் மாறிய அச்சத்தில் முதல் இரண்டு மூன்று நாள்களில் சிறிது குறைந்து, பிறகு உண்ணத் தொடங்கியதும் நிலைபெற வேண்டும். அப்படி நிலைபெறும் எண்ணே அந்த விலங்கின் அடிப்படை எடை. அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவைத்துவிட்டு, வாரம் ஒருமுறை என்ற ஒழுங்குக்கு வரலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும், நான்கு வயதைக் கடந்தவற்றையும் வாரம் இருமுறை நிறுப்பது பாதுகாப்பானது. ஏற்கெனவே வேறு கினிப்பன்றி இருக்கும் வீடானால், புதிதாக வந்ததை இரண்டு மூன்று வாரங்கள் தனி அறையில் வைத்திருப்பதும், நிறுக்கும் டப்பாவின் துணியை ஒவ்வொன்றுக்கும் மாற்றுவதும் அவசியம்.

எந்த எடை சரியான எடை

வளர்ந்த பெண் கினிப்பன்றி பொதுவாக 700 முதல் 900 கிராம் வரையும், ஆண் 900 முதல் 1,200 கிராம் வரையும் இருக்கும். இந்த வரம்புக்குச் சற்று வெளியே இருந்தும் முழு ஆரோக்கியத்துடன் வாழ்கிற விலங்குகள் உண்டு. வரம்புக்குள் இருந்துகொண்டே நோயுற்றிருப்பவையும் உண்டு. 1,100 கிராம் இருந்த ஆண் ஒன்று 950 கிராமுக்கு இறங்கினால், அட்டவணையைப் பார்ப்பவருக்கு அது இன்னும் சரியான எடையில்தான் இருக்கிறது. அதனுடைய சொந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கோ, அது தன் உடலில் ஏழில் ஒரு பங்கை இழந்துவிட்டது தெரியும். ஆகவே பிற வீட்டு விலங்கோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, நம் விலங்கை அதன் சென்ற மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

பிறக்கும்போது ஒரு குட்டி ஏறத்தாழ 60 முதல் 100 கிராம் வரை இருக்கும். முதல் ஓரிரு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 3 முதல் 5 கிராம் வரை கூடிக்கொண்டே வரவேண்டும். வளரும் குட்டியின் எடை ஒரு வாரம் முழுவதும் மாறாமல் நின்றால், அதைக் குறைவாகவே கருதுங்கள். ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து ஒன்றேகால் வயதுக்குள் எடை நிலைபெறும்.

எண்ணோடு கையும் பேசவேண்டும். நிறுத்து முடித்ததும் மடியில் வைத்து, விலாப்பக்கத்தில் விரல்களை மெல்ல ஓட்டிப் பாருங்கள். மெல்லிய துணிக்கு அடியில் பென்சில்கள் கிடப்பதுபோல, அழுத்தாமலே விலா எலும்புகள் விரலுக்குத் தெரிந்தும் துருத்தாமலும் இருந்தால் உடல் சரியாக இருக்கிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்மையாகக் குத்தினால் இளைத்திருக்கிறது. அழுத்தியும் விலா தட்டுப்படாமல், தாடையின் அடியிலும் முன்கால்களுக்கு இடையிலும் கொழுப்பு மடிந்து தொங்கினால் பருத்திருக்கிறது. வயிற்றில் கட்டியோ நீரோ இருக்கும்போது முதுகு இளைத்தும் மொத்த எடை மாறாமலும் இருக்கக்கூடும் என்பதால், கைச்சோதனை இல்லாத தராசு நம்மை ஏமாற்றக்கூடும். இரண்டு வயதைக் கடந்த பெண் கினிப்பன்றிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி உண்டாவது அதிகம். விலாப்பக்கங்கள் புடைத்து, அங்கே உரோமம் இருபுறமும் ஒரேமாதிரி உதிர்வது அதன் அடையாளம்.

எந்தக் குறைவு ஆபத்தானது

ஏறத்தாழ 900 கிராம் இருக்கும் விலங்கில் முப்பது கிராம் வரையிலான ஏற்ற இறக்கம் வழக்கமானது. ஐம்பது கிராமை நெருங்கினால், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அன்று மாலையே மீண்டும் நிறுத்து, மறுநாளிலிருந்து தினமும் நிறுத்து, அது உண்பதை அருகில் உட்கார்ந்து பார்த்து, புழுக்கையின் அளவையும் எண்ணிக்கையையும் கவனியுங்கள். நூற்றுக்குப் பத்து பங்கு குறைந்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். எடை எவ்வளவு இருந்தாலும், பன்னிரண்டு மணி நேரமாக ஒன்றுமே உண்ணாத கினிப்பன்றி அவசர நோயாளிதான். அதன் குடல் ஓயாமல் நார்ச்சத்து சென்றுகொண்டிருப்பதால் இயங்குவது. உணவு நின்றால் குடலும் நின்றுவிடும், வாயு சேரும், கல்லீரலில் கொழுப்பு படியும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

இந்த எல்லைகளை மட்டும் மனத்தில் வைத்திருந்ததால்தான் நான் ஒருமுறை பிழை செய்தேன். ஆறு மாதங்களாக 860க்கும் 880க்கும் இடையிலேயே நின்ற வெல்லம், ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் 874 கிராமிலிருந்து 862க்கு வந்தது. மறுவாரம் 849, அடுத்த வாரம் 831, அதற்கடுத்த வாரம் 812. எந்த வாரத்திலும் இழப்பு இருபது கிராமைத் தொடவில்லை. நான் சென்ற வாரத்து எண்ணை மட்டும் பார்த்து, முப்பதுக்குள்தானே என்று மழையின் மேல் பழியைப் போட்டேன். நடுவில் காட்டிய ஒரு மருத்துவரும் குளிருக்கு இளைத்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்கு வாரத்து எண்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த அன்றுதான் 62 கிராம், அதாவது நூற்றுக்கு ஏழு பங்கு போயிருப்பது புரிந்தது. கோயம்புத்தூரில் கினிப்பன்றிகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, கீழ்க்கடைவாய்ப் பற்கள் இருபுறமும் உள்நோக்கிச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் நின்றிருந்தன. அது புல்லை விரும்பி வாயில் எடுத்தது; விழுங்கத்தான் அதற்கு முடியவில்லை.

அதன்பின் என் நோட்டில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். தேதி, எடை, சென்ற வாரத்தோடு வித்தியாசம் ஆகியவற்றுக்கு அடுத்து, நான்கு வாரங்களுக்கு முந்தைய எடையோடு வித்தியாசம் என்று ஒரு பத்தி இருக்கட்டும். தொடர்ந்து மூன்று வாரங்கள் எண் ஒரே திசையில் கீழே இறங்கினால், இறக்கம் எவ்வளவு சிறியதானாலும் காரணத்தைத் தேடத் தொடங்குங்கள். கடைசிப் பத்தியில், புதிய தீவன மூட்டை பிரித்தது, கடும்பனி விழுந்தது, வீட்டுக்கு விருந்தாளி வந்தது போன்ற செய்திகளைச் சுருக்கமாக எழுதிவையுங்கள்.

குறைவின் காரணங்கள்

பல்லே முதல் சந்தேகத்துக்கு உரியது. கினிப்பன்றியின் இருபது பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த உலர்புல்லை நாளெல்லாம் அரைப்பதால் மட்டுமே அவை தேய்கின்றன. மோவாய் நனைந்திருப்பது, கேரட்டை விட்டுவிட்டு மென்மையான இலையை மட்டும் தேடுவது, வாயிலிருந்து அரைகுறையாக மென்றது விழுவது ஆகியவை பல்நோயின் அடையாளங்கள். முன்பற்களை நாமே பார்த்துவிடலாம். கடைவாய்ப் பற்களை மருத்துவர்தான் கருவி வைத்துப் பார்க்கமுடியும்.

இரண்டாவது, உயிர்ச்சத்து சி. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் இதைத் தானாக உண்டாக்கிக்கொள்ளாது. 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் என்ற இருவர், தானியம் மட்டுமே கொடுத்த கினிப்பன்றிகளுக்கு, இந்தச் சத்துக் குறைவால் மனிதருக்கு வரும் ஸ்கர்வி நோய் அப்படியே வருவதைக் கண்டார்கள். நம் நீலகிரிக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. ஸ்கர்வியை உண்டாக்கும் உணவு உடலுறுப்புகளை என்ன செய்கிறது என்பதை அவர் கினிப்பன்றிகளைக் கொண்டே ஆராய்ந்தார். அந்த விலங்குகள் பட்டதிலிருந்து தெரிந்துகொண்டதை நாம் வீட்டில் வளர்ப்பவற்றுக்குச் செய்வது கடமை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை உயிர்ச்சத்து சி தேவைப்படும்; சினையாக இருப்பதற்கும் நோயிலிருந்து மீள்வதற்கும் அதிகம் வேண்டும். குடைமிளகாய், கொத்தமல்லித் தழை, கொய்யாவின் சிறு துண்டு, கொட்டை நீக்கிய நெல்லிக்காயின் ஒரு சுளை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் சொட்டு மருந்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சத்தில் அது விரைவில் கெட்டுவிடும், சுவை பிடிக்காமல் விலங்கு தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். இளைத்துப்போய், உரோமம் கரடுமுரடாகி, நடக்க மறுத்து, மூட்டைத் தொட்டால் கத்துகிற கினிப்பன்றிக்கு இந்தக் குறைபாடு இருக்க வாய்ப்பு மிகுதி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடுமையாகச் சொறிந்து, தோல் செதில் செதிலாக உதிர்ந்தால் சொறிப்பூச்சி. சிறுநீர் கழிக்கும்போது கத்தினாலோ இரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்ப்பைக் கல். மூக்கில் சளியும், மூச்சில் இரைப்பும் இருந்தால் நுரையீரல் தொற்று, இதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. வயதான விலங்கு முன்பைவிட ஆவலாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால், தைராய்டு மிகையாகச் சுரப்பது ஒரு காரணமாக இருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல் இரண்டில் ஒன்று மட்டும் இளைத்தால், வலிமையானது மற்றதை உணவிடத்திலிருந்து விரட்டுகிறதா என்று பாருங்கள். புல்லை இரண்டு இடங்களில் குவித்து, தண்ணீர்ப் புட்டியையும் இரண்டாக்கினால் சில வாரங்களில் எடை தேறுவதைக் காணலாம்.

மழையும் பனியும்

கினிப்பன்றியின் மூதாதைகள் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வாழ்ந்தவை என்பதால் நம் மலைக்குளிர் அதற்கு இயல்பாகவே ஒத்துவரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வீட்டுக் கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 24 பாகை செல்சியஸ். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும், 2,100 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலிலும் தை மாதத்து இரவுகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, தகரக் கூரையின் கீழ் இருக்கும் கூண்டுக்குள் அந்த வெப்பம் இருக்காது. குளிரும் உடல் சூட்டைக் காக்க அதிகம் உண்ணும். உண்ணப் போதிய புல் இல்லாவிட்டால் தன் உடலையே எரித்துக்கொள்ளும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, காற்றடிக்கும் சன்னலிலிருந்து தள்ளி வைத்து, ஒளிந்துகொள்ள ஒரு மூடிய பெட்டியும் அது நிறைய உலர்புல்லும் கொடுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை ஒரு மூலையில் வைக்கலாம். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது மட்டும் வேண்டாம். அதன் நச்சுப்புகை மனிதரையே கொன்றுவிடும். தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால் விலங்கு குறைவாகக் குடிக்கும், குறைவாகக் குடித்தால் குறைவாக உண்ணும் என்பதால், பனிக்காலக் காலைகளில் வெதுவெதுப்பான நீரை மாற்றி ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆனி, ஆடி மாதச் சாரலில் பெரிய சிக்கல் பூஞ்சணம். உணவில் முக்கால் பங்குக்கு மேல் உலர்புல்லாகவே இருக்கவேண்டும். ஆனால் ஈரக்காற்றில் மூட்டை இரண்டு வாரத்தில் முக்கல் வாடை அடிக்கத் தொடங்கும், விலங்கும் அதை ஒதுக்கும். சிறிய அளவில் வாங்கி, காற்றோட்டமுள்ள சாக்கில் கட்டி, அடுப்படியின் பரண்மேல் வைத்துக்கொள்ளுங்கள். வாடை வந்துவிட்டால் விலையைப் பார்க்காமல் வெளியே கொட்டிவிடுங்கள். நெல் வைக்கோல் உலர்புல்லுக்கு மாற்றாகாது. அதில் சத்து மிகக் குறைவு, படுக்கையாக விரிக்கலாம் என்பதோடு சரி. குதிரைமசால் புல்லைக் குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் மட்டும் கொடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வளர்ந்த விலங்குக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை உண்டாக்கலாம்.

பச்சைப்புல் நல்லது, ஆனால் தேயிலைத் தோட்ட வரப்பில் அறுக்காதீர்கள், களைக்கொல்லி தெளித்திருப்பார்கள். புல்லோடு பெரணியோ உண்ணிச்செடியோ கலந்து வந்தால் இரண்டுமே நஞ்சு. பழனி மலைப் பகுதியில் தோட்டந்தோறும் காய்க்கும் பட்டர் ஃப்ரூட்டையும், உருளைக்கிழங்கையும் அதன் இலையையும், மலைப்பூண்டையும் வெங்காயத்தையும் அறவே தவிர்க்கவேண்டும். ஊட்டி கேரட் இனிப்பு மிகுந்தது. வாரத்தில் இருமுறை ஒரு சிறு வில்லை போதும்.

எடை கூடும்போது

பொரி எங்களிடம் வந்தபோது அதன் விலா கைக்கே தட்டுப்படவில்லை. பிள்ளைகள் அன்பினால் தினமும் பிஸ்கட்டும் ரஸ்க்கும் கொடுத்திருந்தார்கள். பருத்த கினிப்பன்றிக்கு உள்ளங்காலில் புண் வரும், தன் பின்பகுதியைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது, கோடையில் மூச்சு வாங்கும். ஆனால் அதைப் பட்டினி போடுவது மிகவும் ஆபத்தானது. பருத்த உடலில் உணவு திடீரென்று குறைந்தால் கல்லீரல் கெட்டு இறந்துவிடும். பிஸ்கட்டையும் பழத்தையும் நிறுத்தி, உருண்டைத் தீவனத்தை நாளுக்கு ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்து, உலர்புல்லை மட்டும் எல்லையில்லாமல் வைத்து, அது ஓடித்திரிய அறையைத் திறந்துவிட்டோம். வாரத்துக்கு ஐந்தாறு கிராம் என்ற கணக்கில் இறங்கி, ஆறு மாதத்தில் 1,040 கிராமில் வந்து நின்றது. வாரத்துக்குப் பதினைந்து கிராமுக்கு மேல் இறங்கினால் தீவனத்தைச் சற்றுக் கூட்டவேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன், அது நேரவில்லை.

புதிதாக வந்த பெண் கினிப்பன்றியின் எடை, தீவனம் மாறாமலே வாராவாரம் சீராகக் கூடினால், அது சினையாக இருக்கக்கூடும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருக்கும் கடைகளிலிருந்து வந்தவற்றில் இது அடிக்கடி நேர்கிறது. சினைக்காலம் 59 முதல் 72 நாள் வரை என்பதால், வந்த நாளிலிருந்து 72 நாள் கடக்கும் வரை இந்தச் சந்தேகத்தை வைத்திருங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறேழு மாத வயதுக்குப் பிறகு முதன்முறையாகச் சினையாவதற்கு இடுப்பெலும்பு விரிந்துகொடுக்காது, அறுவை தேவைப்படலாம். பிறக்கும் ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

கினிப்பன்றியைப் பார்த்துப் பழகிய மருத்துவர் உங்கள் ஊரில் இல்லாமல் போகலாம். நோய் வருவதற்கு முன்பே உதகை, கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை என்று விசாரித்து ஒருவரை அறிந்துவைத்திருங்கள். மலைப்பாதையில் இறங்கும்போது இரண்டு மணி நேரத்துக்குள் காற்றின் வெப்பம் பதினைந்து பாகைக்கு மேல் ஏறிவிடும். 26 பாகையைக் கடந்தாலே கினிப்பன்றிக்கு வெப்பத் தாக்குதல் வரக்கூடும். அதிகாலையில் புறப்படுங்கள், குளிருக்குச் சுற்றிய துணியை மேட்டுப்பாளையமோ வத்தலக்குண்டோ வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், வண்டியை வெயிலில் நிறுத்தி அதனுள் விலங்கை விட்டுச் செல்லாதீர்கள். கூடையில் உலர்புல்லும், நீருக்காக ஒரு வெள்ளரித் துண்டும் இருக்கட்டும். கூட்டாளி விலங்கையும் உடன் அழைத்துச் சென்றால் நோயுற்றது பதறாது.

நோட்டையும் அன்று காலைப் புழுக்கை சிலவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து அது இறந்துவிடக்கூடும். நாய், பூனைகளையே பெரிதும் பார்க்கும் மருத்துவராக இருந்தால், இதைப் பணிவாக ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின், காலையும் மாலையும் நிறுத்து எழுதுங்கள். தானாக உண்ணும் வரை, ஊறவைத்து மசித்த உருண்டைத் தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக, அது மென்று விழுங்க நேரம் கொடுத்து ஊட்டவேண்டும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். பல்லை ராவிய பிறகு வெல்லத்துக்கு ஒன்பது நாள் இப்படி ஊட்டினோம். முதல் மூன்று நாள்களில் எடை இன்னும் இறங்கி 801 ஆயிற்று, நான்காம் நாள் 803, பத்தாம் நாள் அது தானாகவே ஒரு முழுப் புல்லிழையை நுனியிலிருந்து அடிவரை தின்றது. 860ஐத் தொட ஐந்து வாரங்கள் ஆயின. மூன்று வாரங்கள் தொடர்ந்து எடை நிலையாக நின்றபிறகே, மீண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை என்ற பழைய ஒழுங்குக்கு வந்தோம்.